எஞ்சின் கேள்வி–பதில்: ஹெட்டைக் கழற்றுமுன் கேஜைப் படியுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களிலிருந்து கொம்பிரஷன் சோதனை (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு அமுங்குகிறது என்று கேஜால் பிஎஸ்ஐ அலகில் அளப்பது) பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். பிளக்கைக் கழற்றி, கேஜைப் பூட்டி, ஒரு எண்ணைப் பார்த்தவுடனேயே "எஞ்சின் முடிஞ்சுது" என்று தீர்ப்புச் சொல்வது நம் கராஜ்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு எண்ணை மட்டும் நம்பி எஞ்சினைத் திறக்கவே கூடாது. அந்த எண் எப்படி எடுக்கப்பட்டது, முள் எப்படி ஏறியது, பக்கத்துச் சிலிண்டர் என்ன காட்டியது, காற்று எந்த வழியால் போகிறது என்ற நாலும் தெரிந்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

கேள்வி: என்னுடைய கார் 1500 சிசி, நாலு சிலிண்டர் பெற்றோல். நிற்கும்போது உதறுகிறது. கராஜில் கொம்பிரஷன் பார்த்து 165, 160, 95, 160 என்று எழுதித் தந்தார்கள். முழுசாக ஓவர்ஹோல் செய்ய வேண்டுமாம். செய்யலாமா?
— வாசகர், களுவாஞ்சிகுடி

இப்போதைக்குச் செய்ய வேண்டாம். மூன்று சிலிண்டர்கள் 160இலோ அதற்கு மேலோ நிற்கின்றன. கெட்டிருப்பது மூன்றாம் சிலிண்டர் மட்டும். அது எதனால் கெட்டது என்பதை அந்தத் துண்டுக் கடதாசி சொல்லவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்தாலும் 95 வரும், வால்வ் எரிந்தாலும் 95 வரும், வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவேயுள்ள டெப்பட் இடைவெளி இறுகிப்போனாலும் 95 வரும். கடைசியாகச் சொன்னதுக்கு ஒரு ஃபீலர் கேஜும் ஒரு மணித்தியாலமும் போதும். அதற்குப் போய் ஓவர்ஹோல் செய்தால் காசு வீண்.

சோதனையை இன்னொரு தடவை ஒழுங்காக எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடிச் சூடாகி இருக்க வேண்டும். பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். எரிபொருள் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, கொயில்களின் இணைப்பைக் கழற்றுங்கள். பிளக்குகள் நாலையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிச் சோதித்தால் மற்ற மூன்றும் ஸ்டார்ட்டருக்குப் பாரமாகி எஞ்சின் மெதுவாகச் சுழலும், எண் குறையும். பிளக்கைத் தளர்த்துமுன் பிளக் இருக்கும் குழிக்குள் கிடக்கும் மணலையும் தூசியையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். கடற்கரையோரம் ஓடும் வாகனங்களில் இதை மறந்தால் மணல் நேரே வால்வ் இருக்கையில் போய் உட்காரும்; பிறகு சோதனையே பழுதை உண்டாக்கியதாகிவிடும். ஒருவர் அக்சிலேற்றரை அடிவரை மிதித்துப் பிடிக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முள் ஐந்து தடவை துள்ளும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் துள்ளல் இருக்க வேண்டும்.

அப்போது முள் கடைசியில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். முதல் துள்ளலில் எங்கே வந்தது என்பதையும் எழுதுங்கள். நல்ல சிலிண்டர் முதல் துள்ளலிலேயே பாதியைத் தாண்டும்: 95, 130, 150, 160 என்று போய் நிற்கும். ரிங் தேய்ந்தது 40, 60, 75, 87, 95 என்று ஒவ்வொரு துள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். வால்வ் கசிந்தால் முதலிலும் குறைவு, பிறகும் பெரிதாக ஏறாது: 70, 88, 94, 95, 95. உங்கள் கடதாசியில் கடைசி எண் மட்டும் இருப்பதால் இந்தத் தகவல் முழுக்கத் தொலைந்துபோயிருக்கிறது.

அடுத்தது ஒயில் விட்டுப் பார்ப்பது. அந்தச் சிலிண்டருக்குள் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் அளவு எஞ்சின் ஒயில் விடுங்கள். கேஜ் பூட்டாமல் இரண்டு மூன்று சுற்றுச் சுழற்றி ஒயிலைப் பரப்பிவிட்டு மறுபடி அளவெடுங்கள். 95 ஏறி 135, 140க்கு வந்தால் ஒயில் ரிங்கைச் சுற்றி அடைத்திருக்கிறது. ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்வு. 95 நகர்ந்து 102 வந்தால் அது கணக்கில் இல்லை. நல்ல சிலிண்டரில் ஒயில் விட்டாலும் 5, 10 ஏறத்தான் செய்யும். அப்படியென்றால் காற்று போவது வால்வாலோ, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவேயுள்ள ஹெட் கஸ்கட்டாலோ. பிஸ்டனில் துளை விழுந்திருந்தாலும் ஒயில் அதை அடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். கூடுதலாக ஒயில் ஊற்றினால் எரியறையின் இடம் சுருங்கி எல்லாச் சிலிண்டருமே நல்லதாகக் காட்டும். பாதிக் கோப்பை ஊற்றிவிட்டு "ரிங்தான் போய்விட்டது" என்று சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

வால்வ் என்று தெரிந்தால் முதலில் டெப்பட் இடைவெளியை எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். எக்சோஸ்ட் வால்வின் இருக்கை தேயத் தேய வால்வ் மேலே போகும், இடைவெளி இறுகும், கடைசியில் வால்வ் முழுதாக மூடாது. இடைவெளியைச் சரிசெய்ததும் எண் 150க்கு வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. வராவிட்டால் கராஜில் உள்ள காற்றுக் கொம்பிரஸரைப் பயன்படுத்துங்கள். மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனை அமுக்க அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, கேஜ் ஹோஸின் நுனியில் உள்ள வால்வ் கோரை (காற்றைத் திரும்பவிடாத சின்ன வால்வ்) கழற்றிவிட்டு, அந்த ஹோஸால் 60 முதல் 80 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விடுங்கள். பிஸ்டன் உச்சியிலிருந்து இம்மி விலகியிருந்தாலும் காற்று எஞ்சினைச் சுழற்றிவிடும். கிராங் நட்டில் ஸ்பானரைப் பூட்டியபடி விடக்கூடாது, பெல்டுக்குப் பக்கத்தில் கையும் இருக்கக்கூடாது. இனிக் காதைக் கொடுங்கள். ஏயர் கிளீனர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வ். சைலன்சர் வாயில் சீறினால் எக்சோஸ்ட் வால்வ். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே சீறினால் ரிங். ரேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் கஸ்கட் அல்லது வெடிப்பு. ஒயில் மூடியில் கொஞ்சம் சத்தம் எந்த எஞ்சினிலும் வரும், அதற்காகப் பயப்படத் தேவையில்லை. பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

சைலன்சரில் சீறினால் ஹெட்டை மட்டும் இறக்கி வால்வ் வேலை செய்தால் போதும். கீழ்ப்பாகத்தைத் தொட வேண்டியதே இல்லை.

கேள்வி: எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
— வாசகர், செங்கலடி

உங்கள் எஞ்சினுக்கான கையேட்டில் மூன்று எண்கள் இருக்கும்: புதிதில் எவ்வளவு, குறைந்தது எவ்வளவு, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம். அதுதான் சட்டம். கையேடு கைக்கு எட்டாவிட்டால், பெற்றோல் எஞ்சினில் கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக ஓடலாம். 25 சதவீதத்தைத் தாண்டினால் உதறல் கையில் தெரியும். எல்லாம் 140இல் சமமாக நிற்கும் எஞ்சின், மூன்று 180உம் ஒன்று 130உம் காட்டும் எஞ்சினைவிட நல்லது என்பதே எங்கள் எண்ணம்.

இரண்டு அடுத்தடுத்த சிலிண்டர்கள் ஒரே மாதிரி விழுந்திருந்தால், உதாரணமாக 160, 70, 75, 160 என்றால், அவற்றுக்கு நடுவே ஹெட் கஸ்கட் எரிந்திருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். இரண்டாம் சிலிண்டருக்குக் காற்று விட்டு மூன்றாம் பிளக் துளையில் விரலை வைத்தால் காற்று விரலில் படும்.

அலகு குழம்பாமல் இருக்க: 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 1 கிலோ/சதுர செ.மீ. என்பது 14.2 பிஎஸ்ஐ, 100 கிலோபஸ்கால் என்பது 1 பார். கையேட்டில் 1,100 கிலோபஸ்கால் என்றிருந்தால் சுமார் 160 பிஎஸ்ஐ.

கேள்வி: நாலு சிலிண்டரும் 105, 110, 105, 108 காட்டுகின்றன. ஆனால் வாகனம் நன்றாக இழுக்கிறது, ஒயிலும் குறையவில்லை. எதை நம்புவது?
— வாசகர், வெல்லாவெளி

வாகனத்தை நம்புங்கள், சோதனையைச் சந்தேகியுங்கள். நாலும் ஒரே அளவில் குறைந்தால் நாலுக்கும் பொதுவான ஒன்றுதான் காரணம். அக்சிலேற்றர் மிதிக்கப்படவில்லை என்பது அதிகம் நடப்பது. அக்சிலேற்றர் கேபிள் இல்லாத மின் த்ரொட்டில் உள்ள வாகனங்களில் மிதித்தாலும் காற்று வழியில் உள்ள தட்டு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். குழாயைக் கழற்றித் தட்டைக் கண்ணால் பாருங்கள். அடுத்தது களைத்த பற்றரி. அதற்கடுத்தது கேஜ்.

இந்தக் கேஜ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹோஸின் நுனியில் உள்ள சின்ன வால்வ் கோர் பார்வைக்கு டயர் வால்வில் உள்ளது போலவே இருக்கும். அது கெட்டால் பலர் டயர் கடையில் ஒன்று வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். டயர் கோரின் ஸ்பிரிங் கடினமானது. அதைத் திறக்கவே கொஞ்ச அழுத்தம் செலவாகும், முள் குறைவாகக் காட்டும். கேஜுக்கென்று விற்கும் மென்மையான ஸ்பிரிங் உள்ளதைத்தான் போட வேண்டும். முள் ஏறி நின்ற பிறகு தானாக மெல்ல இறங்கினால் கோர் கசிகிறது. நுனியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்திருந்தாலும் காற்று போகும். அதே கேஜை நன்றாக ஓடும் இன்னொரு எஞ்சினில் பூட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

இவை எல்லாம் சரியென்றால்தான் எஞ்சினுக்குள் போக வேண்டும். நாலுக்கும் தேக்கரண்டி ஒயில் விட்டு நாலும் 40, 50 ஏறினால் ரிங்குகள் ஒன்றுபோல் தேய்ந்திருக்கின்றன. ஆனால் அப்போது நீல நிறப் புகையும் ஒயில் குறைவும் இருந்திருக்கும். ஒயிலுக்கு ஏறாவிட்டால் டைமிங் பெல்டோ செயினோ ஒரு பல் தாவியிருக்கிறதா என்று குறிகளைப் பாருங்கள். பல் தாவிய எஞ்சின் நன்றாக இழுக்காது, ஆகவே உங்களுடையது அதுவல்ல என்றே நினைக்கிறோம்.

மலைநாட்டில் எடுத்த எண்ணை இங்கே ஒப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். காற்று மெலிவதால் ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம் குறையும். நுவரெலியாவில் 130 காட்டிய எஞ்சின் கல்முனைக்கு வந்தால் 160க்குக் கிட்டக் காட்டும். கையேட்டு எண்கள் கடல் மட்டத்துக்கானவை என்பதால் நம் பக்கத்தில் எந்தக் கழிவும் செய்யத் தேவையில்லை.

கேள்வி: மாரி வெள்ளத்தில் ரோட்டைக் கடக்கும்போது கார் நின்றுவிட்டது. பிளக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயில் மாற்றி ஓடுகிறோம். ஒரு சிலிண்டர் மட்டும் 130, மற்றவை 165. ஒயில் விட்டாலும் ஏறவில்லை. காற்று விட்டால் எங்கும் கசியவும் இல்லை!
— வாசகர், ஏறாவூர்

கசிவே இல்லாமல் எண் குறைகிறதென்றால் பிஸ்டன் பழைய உயரத்துக்கு வரவில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் வளைந்திருக்கிறது. தண்ணீர் அமுங்காது, ஏயர் கிளீனர் வழியாக ஒரு சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் மேலே தள்ள முயன்றபோது, வழிவிட்டது ரொட்தான்.

ஹெட்டைக் கழற்றாமலே இதை அளந்து பார்க்கலாம். நேரான, விறைப்பான, நுனி மழுங்கிய ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை எடுங்கள். ஒன்றாம், நாலாம் பிஸ்டன்கள் ஒன்றாக உச்சிக்கு வரும். இரண்டாம், மூன்றாம் பிஸ்டன்கள் ஒன்றாக வரும். கம்பியைப் பிளக் துளையால் நேராக இறக்கிப் பிஸ்டன் தலையில் நிறுத்தி, கிராங்கைக் கையால் மெதுவாக இரு பக்கமும் அசையுங்கள். கம்பி மிக உயர வரும் இடத்தில் துளை விளிம்புக்கு நேரே பேனாவால் கோடு போடுங்கள். நாலுக்கும் இதையே செய்யுங்கள். கோடுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்று 1 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தால் சந்தேகம். 2, 3 என்றால் நிச்சயம்.

ஒரு மில்லிமீற்றர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 1500 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டர் 375 சிசி. அமுக்க விகிதம் 10:1 என்றால் எரியறை 42 சிசி அளவுதான். போரின் விட்டம் 75 மில்லிமீற்றராக இருந்தால், பிஸ்டன் 1 மில்லிமீற்றர் தாழும்போது எரியறை 4.4 சிசி கூடும், விகிதம் 9.1க்கு இறங்கும். 2 மில்லிமீற்றர் தாழ்ந்தால் 8.4. உங்கள் 165க்கும் 130க்கும் உள்ள இடைவெளி அந்த அளவுதான்.

இப்படியே ஓடாதீர்கள். வளைந்த ரொட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்த இடத்திலேயே களைக்கும். அது முறியும் நாளில் பிளொக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அன்றைக்கு முழு எஞ்சினும் போகும். இப்போது இறக்கினால் ஒரு ரொட், பெயரிங், ரிங், கஸ்கட்டோடு முடியும். அந்தப் பிஸ்டனின் பக்கவாட்டு உரசலையும் லேத் வேலைத்தலத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குள் நின்றுபோன வாகனத்தை, அது எந்த வாகனமானாலும், அதே இடத்தில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது. தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து ஏயர் கிளீனரைத் திறவுங்கள். உள்ளே ஈரமிருந்தால் பிளக்குகளை, டீசலென்றால் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ (ஸ்டார்ட் பண்ணுமுன் எரியறையைச் சூடாக்குபவை), கழற்றிய பிறகுதான் சுழற்ற வேண்டும்.

கேள்வி: டொல்பின் வான், டீசல். காலையில் நெடுநேரம் சுழற்ற வேண்டும், வெள்ளைப் புகை வருகிறது. 410, 400, 290, 405 என்று வந்தது. மூன்றாம் சிலிண்டருக்கு ஒயில் விட்டுப் பார்ப்போம் என்கிறார் மெக்கானிக்.
— வாசகர், அக்கரைப்பற்று

டீசலில் ஒயில் விட வேண்டாம். 2800 சிசி நாலு சிலிண்டரில் அமுக்க விகிதம் 22:1 என்றால் எரியறை 33 சிசிதான். ஒரு மேசைக்கரண்டி ஒயில் 15 சிசி; கிட்டத்தட்டப் பாதி அறையை அதுவே நிரப்பிவிடும். முள் பொய்யாக ஏறும். அமுக்கச் சூட்டில் ஒயில் பற்றவும் கூடும். இன்னும் கொஞ்சம் கூட ஊற்றினால் வெள்ளத் தண்ணீர் செய்த வேலையை ஒயில் செய்யும்.

டீசலுக்குக் கேஜே வேறு. பெற்றோலுக்கான 300 பிஎஸ்ஐ கேஜைப் பூட்டினால் முள் முறியும். 1,000 பிஎஸ்ஐ வரை காட்டுவது வேண்டும். பம்பின் எரிபொருள் நிறுத்தும் சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டு, குளோ பிளக் துளைகளால் அளவெடுங்கள். குளோ பிளக் இறுகியிருந்தால் பலவந்தம் செய்யாமல் எஞ்சின் சூட்டோடு, ஊடுருவும் ஒயில் தெளித்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். உள்ளே முறிந்தால் ஹெட்டை இறக்க வேண்டி வரும். இன்ஜெக்டர் வழியாகப் பார்த்தால் திருப்பிப் பூட்டும்போது புதுச் செப்பு வாஷர் போடுங்கள். பழைய வாஷர் கசிந்தால் அதுவே கொம்பிரஷன் குறைவாகத் தெரியும்.

இந்த வகைப் பழைய டீசல்கள் புதிதில் 400இலிருந்து 450 வரை காட்டும். 300க்குக் கீழே போனால் காற்று டீசலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறாது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும். உங்கள் மூன்றாம் சிலிண்டரின் கதை அதுதான். ஆனால் மூன்று நல்ல சிலிண்டர்கள் இருக்கும்போது நெடுநேரம் சுழற்ற வேண்டியதில்லை. குளோ பிளக்குகளுக்கு 12 வோல்ட் வருகிறதா, ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று தனியாகப் பாருங்கள். எரிபொருள் குழாயில் காற்று உள்ளே போனாலும் இதே குறைதான். இரண்டு பழுதுகள் சேர்ந்திருக்கலாம்.

மூன்றாம் சிலிண்டருக்கு முதலில் டெப்பட் இடைவெளி. பிறகு காற்று விட்டுக் கேட்பது, மேலே சொன்ன முறையில். ஹெட்டை இறக்குவதென்று முடிவானால் பழைய கஸ்கட்டின் ஓரத்தில் உள்ள வெட்டுகளை எண்ணிவிட்டு எறியுங்கள். பல டீசல்களில் பிஸ்டன் பிளொக்குக்கு மேலே எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்துக் கஸ்கட்டின் தடிப்பு மாறும்; தடிப்பான ஒன்றைத் தெரியாமல் போட்டால் நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் குறையும்.

கேள்வி: இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் அவுட்போர்ட். மேல் சிலிண்டர் 85, கீழ் 110. ரிங் போட்டால் சரிவருமா?
— வாசகர், வாகரை

ரிங் காரணமாகவும் இருக்கலாம், கஸ்கட் காரணமாகவும் இருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் விட்டுப் பார்ப்பது தெளிவாகச் சொல்லாது. சுவர் ஏற்கெனவே ஒயிலில் நனைந்திருக்கும், விட்ட ஒயில் போர்ட்டுகளால் வழிந்தும் போகும். அதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. எக்சோஸ்ட் மூடியைக் கழற்றி, பிஸ்டனை மெல்ல நகர்த்தி, போர்ட் வழியாக ரிங்கைப் பாருங்கள். ஒரு மழுங்கிய குச்சியால் அமுக்கினால் ரிங் உள்ளே போய்த் துள்ளி வர வேண்டும். அசையாமல் ஒட்டிக்கிடந்தால் கரி பிடித்திருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில் இது சாதாரணம். பிஸ்டன் பக்கத்தில் நீளக் கீறல்கள் இருந்தால் சூடேறி உரசியிருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரையும், உப்புப் படிந்த தண்ணீர் வழிகளையும் சரிசெய்யாமல் ரிங்கை மட்டும் போட்டால் புது ரிங்கும் அதே வழியில் போகும்.

பிளக் துளையால் டோர்ச் அடித்து இரண்டு பிஸ்டன் தலைகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று கரியாகவும் மற்றது கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்றும் இருந்தால், பளிச்சென்ற பக்கம் கஸ்கட்டால் உப்புத் தண்ணீர் போகிறது. ஹெட் போல்ட்டுகள் உப்பில் பிடித்திருக்கும், முறுக்கி முறித்துவிடாமல் சூடு காட்டிக் கழற்றுங்கள்.

சோதிக்கும்போது பிளக் வயர்கள் இரண்டையும் எஞ்சின் உடலில் இணைத்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டுச் சுழற்றினால் தீப்பொறிக்கு மின் கொடுக்கும் சிடிஐ யூனிட் எரிந்துபோகலாம். த்ரொட்டிலையும் கையால் முழுதாகத் திறந்து பிடியுங்கள். கொம்பிரஷன் இரண்டும் நன்றாக இருந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் கிராங் சீலையும் ரீட் வால்வையும் பாருங்கள். அந்தக் கசிவை இந்தக் கேஜ் காட்டவே காட்டாது.

கேள்வி: ஓட்டோவுக்குப் புது ரிங் போட்டேன். முன்பு 90, இப்போதும் 95தான். ரிங் போலியா?
— வாசகர், ஓட்டமாவடி

ரிங்கைக் குறைசொல்லுமுன் கேஜைப் பாருங்கள். 200 சிசி ஒற்றைச் சிலிண்டரில் எரியறை 23, 24 சிசிதான். கேஜின் வால்வ் ஹோஸின் நுனியில் இல்லாமல் மறு முனையில் இருந்தால், ஹோஸுக்குள் இருக்கும் 10 சிசி இடமும் எரியறையோடு சேர்ந்துவிடும், 9.5 விகிதம் 7 ஆகிவிடும். காரில் சரியாகக் காட்டும் கேஜ் ஓட்டோவில் பொய் சொல்வது இதனால்தான்.

கேஜ் சரியென்றால் தேக்கரண்டியில் பாதியளவு ஒயில் விட்டுப் பாருங்கள். ஏறவில்லையா, பழுது முதலிலிருந்தே வால்வில்தான். ஏறினால் போர் தேய்ந்திருக்கிறது. ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 60 மில்லிமீற்றர் போருக்கு 0.2 முதல் 0.25 வரை நல்லது. போரின் மேல்பாகத்தில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக அளந்தால் போர் எவ்வளவு கூம்பியிருக்கிறது என்றும் தெரியும். கண்ணாடி போல் மினுங்கும் போரில் ஹோன் பண்ணாமல் (கல்லால் தேய்த்து மெல்லிய கோடுகள் போடாமல்) போட்ட ரிங் படியாது. ஹோன் பண்ணிப் போட்டிருந்தால் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி அளவெடுங்கள்.

கேள்வி: தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் சின்னப் பெற்றோல் எஞ்சின் 70 பிஎஸ்ஐதான் காட்டுகிறது. ஆனால் ஒரு இழுவைக்கே ஸ்டார்ட் ஆகிறது.
— வாசகர், சம்மாந்துறை

விட்டுவிடுங்கள், அது நல்ல எஞ்சின். கயிறு இழுக்க லேசாக இருப்பதற்காக இவற்றின் கேம் ஷாப்டில் ஒரு சின்னப் பொறி வைத்திருப்பார்கள். மெதுவாகச் சுழலும்போது அது எக்சோஸ்ட் வால்வை மயிரிழை திறந்து வைத்திருக்கும்; வேகம் பிடித்ததும் விலகிவிடும். கேஜ் பார்ப்பது மெதுவான சுழற்சியை மட்டுமே. இந்த எஞ்சின்களைக் காற்று விட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

எண் குறைவாகக் காட்டும் இன்னொரு கூட்டம் ஹைபிரிட் கார்கள். இன்லெட் வால்வ் தாமதமாக மூடும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதால் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பிப் போகும். சாதாரணக் காரின் 160ஐ அவற்றில் தேடாதீர்கள். அந்த மொடலின் கையேட்டு எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். அவற்றை ஸ்கேன் கருவியால்தான் சுழற்ற முடியும் என்பதால் அந்த வசதியுள்ள இடத்துக்கே கொண்டுபோங்கள்.

கேள்வி: இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர், கையால் சுழற்றும் டீசல். எங்கள் ஊரில் டீசல் கேஜ் யாரிடமும் இல்லை. கொம்பிரஷனை எப்படி அறிவது?
— வாசகர், படுவான்கரை

டீகொம்பிரஷன் நெம்பை விட்டுவிட்டு, கைப்பிடியை மெதுவாகச் சுழற்றுங்கள். அமுக்க அடி வந்ததும் கை நிற்க வேண்டும். பாரத்தை அப்படியே பிடித்திருந்தால் சில விநாடிகள் தாங்க வேண்டும். விட்டால் பின்னுக்குத் துள்ள வேண்டும். மெதுவாக அமுக்கும்போது 'புஸ்' என்று கரைந்து, கைப்பிடி தாண்டிப் போய்விட்டால் கசிவு இருக்கிறது. அந்த நேரம் ஒருவர் சைலன்சர் வாயிலும், ஒயில் மூடியிலும் காதை வைத்தால் சத்தம் எங்கே என்று தெரியும். நெம்பின் இடைவெளி இறுகி வால்வைக் கொஞ்சம் தூக்கியபடி வைத்திருந்தாலும் இதே குறைதான், அதை முதலில் சரிபாருங்கள்.

ரிங் பக்கம் சத்தம் வந்தால் ஏயர் கிளீனரையும் திறவுங்கள். அடியில் ஒயில் நிற்கும் வகையில், கோடு வரை ஒயில் இருக்க வேண்டும். சூடடிக்கும் நாட்களின் வைக்கோல் தூசியில் அந்த ஒயில் சேறாகிவிடும். அப்போது தூசி நேரே போருக்குள் போய், ஒரே போகத்தில் ரிங்கைத் தின்றுவிடும். அறுவடை நாட்களில் ஒவ்வொரு நாளும் திறந்து பாருங்கள். சேறு தெரிந்தால் டீசலில் கழுவி, கோடு வரை புது ஒயில் விடுங்கள், கோட்டுக்கு மேலே வேண்டாம். கூடினால் எஞ்சின் அதை உறிஞ்சி, எரிபொருளை நிறுத்தும் நெம்பை இழுத்தாலும் நிற்காமல் ஓடும்.